விண்வெளிப் பயணமும் உடம்புக்கு வரும் ஆபத்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளியில் ஆபத்து என்றதும் பலருக்கும் விண்கல் மோதுவதும், கயிறு அறுந்த வீரர் இருட்டுக்குள் மிதந்து போவதும்தான் நினைவுக்கு வருகிறது. இதுவரை அப்படி யாரும் இறந்ததில்லை. நடந்த விபத்துகளின் பதிவுகளைப் படித்தால் ஒரு வால்வு, சரியாகப் பொருந்தாத ஒரு குழாய், உள்பக்கமாகத் திறக்கும் ஒரு கதவு, மணமே இல்லாத ஒரு வாயு என்று சாதாரண விஷயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இறந்தவர்களில் பெரும்பாலோர் தரையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள பதில்களைப் படியுங்கள்.

விண்வெளி உடை இல்லாமல் வெற்றிடத்தில் மாட்டிக்கொண்டால் உடம்பு வெடித்துவிடுமா?

வெடிக்காது. மனிதத் தோலும் தசையும் அதைத் தாங்கும் அளவுக்கு வலுவானவை. உடனே உறைந்தும் போகாது, ஏனென்றால் உடம்பின் சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்று இல்லை. உண்மையான பிரச்சினை ஆக்சிஜன். வெற்றிடத்தில் நுரையீரல் தலைகீழாக வேலை செய்து ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனை வெளியே விட்டுவிடும், அந்த ரத்தம் மூளைக்குப் போய்ச் சேர்ந்ததும் நினைவு தப்பும். அதற்கு 10 முதல் 15 விநாடிதான் ஆகும்.

கூடவே இன்னொன்றும் நடக்கும். சுமார் 19 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் காற்றழுத்தம் மிகவும் குறைவு, உடம்பின் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். நாக்கின் எச்சில், கண்ணின் ஈரம், தசைக்குள் இருக்கும் நீர் எல்லாம் ஆவியாகத் தொடங்கி உடம்பு வீங்கும். 1966-இல் ஹூஸ்டனில் ஒரு வெற்றிட அறையில் விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெப்ளாங்க் என்ற தொழில்நுட்பப் பணியாளரின் காற்றுக் குழாய் கழன்றுகொண்டது. சுமார் 14 விநாடியில் மயங்கி விழுந்தார். நாக்கில் எச்சில் குமிழியிட்டதுதான் தனக்குக் கடைசியாக நினைவிருந்தது என்று பிறகு சொன்னார். அறைக்குள் வேகமாகக் காற்றை நிரப்பியதால் பிழைத்துக்கொண்டார், பெரிய பாதிப்பு எதுவும் இல்லை.

1960 ஆகஸ்ட் 16 அன்று சுமார் 31 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்த அமெரிக்க விமானப்படை வீரர் ஜோசப் கிட்டிங்கருக்கு வலது கையுறையில் மட்டும் காற்றழுத்தம் நிற்கவில்லை. சோதனையை நிறுத்திவிடுவார்களோ என்று அவர் அதைச் சொல்லாமலே மேலே போய்விட்டார். கை இரண்டு மடங்கு வீங்கியது, தரைக்கு வந்து சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது.

நாய்களை வைத்துச் செய்த சோதனைகளில், சுமார் 90 விநாடிக்குள் மீண்டும் காற்றழுத்தம் கிடைத்தால் பெரும்பாலும் பிழைத்தன. ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: மூச்சை அடக்குவது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

அப்படி உண்மையில் இறந்தவர்கள் இருக்கிறார்களா?

மூன்று பேர். சோவியத் கலமான சோயுஸ் 11-இல் போன டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ். உலகின் முதல் விண்வெளி நிலையமான சல்யூட் 1-இல் மூன்று வாரங்களுக்கு மேல் இருந்துவிட்டு 1971 ஜூன் 30 அன்று திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கலத்தின் பகுதிகள் பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சியில், தரைக்கு அருகே வந்த பிறகு திறக்க வேண்டிய ஒரு வால்வு 168 கிலோமீட்டர் உயரத்திலேயே திறந்துகொண்டது. உள்ளே இருந்த காற்று வெளியேறிவிட்டது. கலம் தானாகவே பாராசூட்டை விரித்துச் சரியாகத் தரை இறங்கியது, மீட்புக் குழுவினர் கதவைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விண்வெளி எல்லைக்கு மேலே இறந்த மனிதர்கள் இன்று வரை இந்த மூவர் மட்டுமே.

மூன்று பேரும் அழுத்த உடை (உள்ளே காற்றழுத்தத்தைக் காக்கும் உடை) போட்டிருக்கவில்லை. மூன்று பேரை அந்தச் சின்ன இடத்தில் உடையோடு உட்கார வைக்க முடியாது என்பதுதான் காரணம். அப்புறம் இரண்டு பேராகக் குறைத்து இருவருக்கும் உடை கொடுத்தார்கள், உடையோடு மூன்று பேர் போக 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் வீரர்கள் உடையோடு உட்கார்ந்திருப்பதை இப்போது ஒளிபரப்பில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவர்கள் மூவரும்தான் நினைவுக்கு வருவார்கள்.

மொத்தம் எத்தனை பேர் இறந்திருக்கிறார்கள்?

சுற்றுப்பாதைக்குப் போகும் கலங்களில், பயணத்தின்போது இறந்தவர்கள் 18 பேர். 1967-இல் சோயுஸ் 1-இன் பாராசூட் சரியாக விரியாமல் விளாடிமிர் கோமரோவ், 1971-இல் மேலே சொன்ன மூவர், 1986 ஜனவரி 28 அன்று கிளம்பிய 73-ஆவது விநாடியில் உடைந்த சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்ணோடத்தில் 7 பேர், 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் சிதைந்த கொலம்பியா விண்ணோடத்தில் கல்பனா சாவ்லா உட்பட 7 பேர். இந்தக் கணக்கில் சோதனை விமானங்களில் இறந்தவர்களும் பயிற்சியில் இறந்தவர்களும் இல்லை. தரையில் இறந்தவர்களும் இல்லை.

தரையில் அப்படி என்ன ஆபத்து?

கேள்விகளிலேயே இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏவுதளத்தில் நிற்கும் ராக்கெட்டில் நூற்றுக்கணக்கான டன் எரிபொருள் இருக்கும், அதைச் சுற்றி ஆட்கள் ஏறி இறங்கி வேலை செய்துகொண்டிருப்பார்கள். 1980 மார்ச் 18 அன்று ரஷ்யாவின் பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தில் எரிபொருள் நிரப்பிய ராக்கெட் வெடித்து 48 பேர் இறந்தார்கள். 2003 ஆகஸ்ட் 22 அன்று பிரேசிலின் அல்கான்டாராவில், ஏவ இன்னும் சில நாள் இருக்கும்போதே ஒரு எஞ்சின் தானாகப் பற்றிக்கொண்டது, 21 பேர் போய்விட்டார்கள். எல்லாவற்றிலும் கொடியது 1960 அக்டோபர் 24 அன்று பைக்கனூரில் நடந்தது. அது ஏவுகணைச் சோதனைதான், ஆனால் அதே தொழில்நுட்பம், அதே வகை ஆட்கள். மேலிடத்து அவசரத்தால் எரிபொருள் நிரப்பிய ஏவுகணையை வைத்துக்கொண்டே பழுது பார்த்தார்கள், இரண்டாம் அடுக்கின் எஞ்சின் எரியத் தொடங்கியது. 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சோவியத் அரசு அதைப் பல ஆண்டுகள் மூடி மறைத்தது.

வெடிப்பதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. 1964 ஏப்ரலில் கேப் கனாவரலில் ஒரு செயற்கைக்கோளோடு இணைத்திருந்த திட எரிபொருள் மோட்டார், மூடியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுக்கும்போது உண்டான நிலைமின்சாரத்தால் பற்றிக்கொண்டு மூன்று பேரைக் கொன்றது. 2007-இல் மொஹாவே பாலைவனத்தில் ஒரு ராக்கெட் எஞ்சினுக்கான நைட்ரஸ் ஆக்சைடு ஓட்டத்தைச் சோதித்தபோது நடந்த வெடிப்பிலும் மூன்று பேர் இறந்தார்கள். அன்று எஞ்சினைக் கொளுத்தக்கூட இல்லை, வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

தீயே இல்லாமலும் இறக்கலாம். தீப்பிடிக்காமல் இருப்பதற்காகக் கலத்தின் மூடிய பகுதிகளை நைட்ரஜனால் நிரப்பி வைப்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவீதம் இருக்கும் அதே நைட்ரஜன்தான், ஆனால் ஆக்சிஜன் இல்லாமல் அது மட்டும் இருந்தால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். மூச்சுத் திணறுவதே தெரியாது, ஏனென்றால் நம் உடம்பு கவனிப்பது முக்கியமாகக் கார்பன் டை ஆக்சைடு கூடுவதைத்தான், ஆக்சிஜன் குறைவதை அவ்வளவாகக் கவனிக்காது. 1981 மார்ச் 19 அன்று, கொலம்பியா விண்ணோடத்தின் முதல் பயணத்துக்கு முந்தைய ஒத்திகை முடிந்து உள்ளே போகலாம் என்று அனுமதி கிடைத்ததும் பணியாளர்கள் பின்பகுதிக்குள் நுழைந்தார்கள். நைட்ரஜன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது. உள்ளே போனவர்கள் மயங்க, உதவப் போனவர்களும் மயங்கினார்கள். ஒருவர் அன்றே இறந்தார், இன்னொருவர் சில நாளில் இறந்தார். அடுத்த மாதமே கொலம்பியா பறந்தது, உலகமே கொண்டாடியது. விண்ணோடத் திட்டத்தின் உயிரிழப்பு என்று பேசும்போது 14 என்றே சொல்கிறோம், இவர்களை விட்டுவிடுகிறோம். அது சரியில்லை.

ராக்கெட் எரிபொருள் நச்சா?

எல்லாம் இல்லை. திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் தீ, குளிர் சார்ந்த ஆபத்துகள். ஹைட்ரசீன் வகைகளும் நைட்ரஜன் டெட்ராக்சைடும்தான் கொடிய நச்சு. ஒன்றையொன்று தொட்டாலே எரியும் என்பதால் எஞ்சினுக்கு வசதி, மனிதனுக்குக் கேடு. ஹைட்ரசீன் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். நைட்ரஜன் டெட்ராக்சைடு செம்பழுப்பு நிற ஆவியாக வரும், நுரையீரலின் ஈரத்தில் அமிலமாக மாறும், முதலில் லேசான இருமல் மட்டும் இருந்து பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அதனால் "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்பவரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

1975 ஜூலை 24 அன்று, சோவியத் கலத்தோடு இணைந்து வரலாறு படைத்துவிட்டு இறங்கிய அமெரிக்காவின் கடைசி அப்போலோ கலத்துக்குள் இந்த ஆவி புகுந்தது. ஒரு சுவிட்ச் சரியான நேரத்தில் போடப்படாததால் சிறு எஞ்சின்கள் இயங்கிக்கொண்டே இருந்தன, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் வால்வு அந்த ஆவியையும் சேர்த்து இழுத்துவிட்டது. கடலில் இறங்கிய பிறகு அதிலிருந்த மூன்று வீரர்களில் வான்ஸ் பிராண்ட் நினைவிழந்தார், தாமஸ் ஸ்டாஃபோர்ட் முகமூடிகளை எடுத்து மூவருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார். மூவரும் ஹொனலுலுவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுக் குணமடைந்தார்கள்.

ஆக்சிஜன் உயிர் காப்பதுதானே, அதனால் எப்படித் தீ வரும்?

தூய ஆக்சிஜனில் சாதாரணமாக எரியாத பொருளும் எரியும். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1-இன் ஒத்திகையில் கலத்துக்குள் தூய ஆக்சிஜனை வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட அதிகமாக நிரப்பியிருந்தார்கள். வயர் பகுதியில் எங்கோ ஒரு தீப்பொறி. நைலான் வலையும் வெல்க்ரோவும் தீக்குத் தீனியாயின. கதவு உள்பக்கமாகத் திறக்கும், உள்ளே அழுத்தம் ஏறியதால் அதை அசைக்கவே முடியவில்லை. கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி மூவரும் இறந்தார்கள். ராக்கெட்டில் எரிபொருளே இல்லை என்பதால் அந்தச் சோதனையை ஆபத்தானது என்று வகைப்படுத்தவே இல்லை!

இது முதல் முறையும் இல்லை, கடைசி முறையும் இல்லை. 1961 மார்ச்சில் மாஸ்கோவில் ஆக்சிஜன் அதிகமாக இருந்த தனிமை அறையில் பயிற்சி செய்துகொண்டிருந்த 24 வயது சோவியத் வீரர் வாலன்டின் பொண்டரென்கோ, ஆல்கஹாலில் நனைத்துத் தோலைத் துடைத்த பஞ்சைத் தூக்கிப் போட, அது மின் அடுப்பின் மேல் விழுந்தது. அந்த மரணம் 1986-இல்தான் வெளியே வந்தது. அப்போலோ 1 நடந்து நான்கே நாளில், டெக்சாஸில் ஒரு ஆக்சிஜன் சோதனை அறையில் அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த இருவர் தீயில் இறந்தார்கள். அந்த இருவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

அதன் பிறகு அப்போலோவில் தரையில் இருக்கும்போது ஆக்சிஜனோடு நைட்ரஜனையும் கலந்தார்கள், கதவு வெளிப்பக்கமாகச் சில விநாடியில் திறக்கும்படி மாற்றினார்கள்.

விண்வெளி நடையில் என்ன காயம் வரும்?

அதிகம் வருவது விரலில்தான். உடைக்குள் அழுத்தம் இருப்பதால் கையுறை எப்போதும் விறைத்து நிற்கும், ஒவ்வொரு முறை கையை மடக்கும்போதும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆறு, ஏழு மணி நேரம் இப்படிச் செய்தால் விரல் நுனி புண்ணாகும், நகம் சதையிலிருந்து கழன்று வருவதும் உண்டு. தோள்பட்டைக் காயமும் சகஜம். அது பெரும்பாலும் விண்வெளியில் வருவதில்லை, ஹூஸ்டனில் இருக்கும் 12 மீட்டர் ஆழப் பயிற்சிக் குளத்தில் வருகிறது. தண்ணீருக்குள் தலைகீழாக வேலை செய்யும்போது உடம்பின் முழு எடையும் உடைக்குள்ளே தோளில் இறங்கும். இதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட வீரர்கள் இருக்கிறார்கள்.

உடைக்குள் அழுத்தம் நம் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவசரமாக அந்த அழுத்தத்துக்கு இறங்கினால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாக வெளிவந்து, ஆழ்கடல் மூழ்குபவர்களுக்கு வரும் அதே மூட்டு வலியும் பக்கவாதமும் வரலாம். அதனால் வெளியே போவதற்கு முன் தூய ஆக்சிஜனைச் சுவாசித்து நைட்ரஜனை வெளியேற்றிவிடுவார்கள்.

இனி லூகா பார்மிடானோவின் கதை. 2013 ஜூலை 16, இத்தாலி வீரர், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வெளியே. தலைக்குப் பின்னால் ஈரம் தெரிந்தது. தண்ணீர் அங்கே கீழே வடியாது, எதைத் தொடுகிறதோ அதில் ஒட்டிக்கொண்டு பரவும். மெல்ல மெல்ல அது காதை மூடி, கண்ணை மூடி, மூக்குக்குள்ளும் புகுந்தது. சூரியனும் மறைந்தது. கண் தெரியாமல், பேச்சும் சரியாகக் கேட்காமல், பாதுகாப்புக் கயிற்றின் இழுவையை வைத்தே வழி கண்டுபிடித்துக் கதவுக்கு வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டில் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்ந்திருந்தது, உடையைக் குளிர்விக்கும் தண்ணீர் அது, அடைபட்ட ஒரு பாகத்தால் காற்றுப் பாதைக்குள் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்: ஒரு வாரம் முன்பு அதே உடையில் தண்ணீர் வந்திருந்தது. குடிதண்ணீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று முடிவு கட்டிவிட்டு மறுபடி அனுப்பினார்கள். அதன் பிறகுதான் ஹெல்மெட்டுக்குள் தண்ணீர் உறிஞ்சும் பட்டையும், உடையின் கீழ்ப்பகுதியிலிருந்து காற்று இழுக்க ஒரு குழாயும் வைத்தார்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு எவ்வளவு தாங்க வேண்டும்?

சாதாரணமாக 3 முதல் 4 ஜி, அதாவது உங்கள் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு. கோளாறு ஏற்பட்டால் கதை மாறும். 2018 அக்டோபர் 11 அன்று சோயுஸ் எம்எஸ்-10 ஏறும் வழியில் பழுதான ராக்கெட்டிலிருந்து பிரிந்து தப்பித்தபோது அதிலிருந்த இருவரும் 6.7 ஜி வரை அனுபவித்தார்கள், காயமில்லை. 2008-இல் தென்கொரியாவின் யி சோ-யோன் இருந்த சோயுஸ் செங்குத்தாக இறங்கி 8 ஜி-யைத் தாண்டியது, அவருக்கு முதுகில் அடி. 1975 ஏப்ரலில் இன்னொரு சோயுஸ் பயணம் முறிந்தபோது இருவர் 20 ஜி-க்கும் மேல் தாங்கி உயிரோடு வந்தார்கள். இதற்காகத்தான் சோயுஸில் ஒவ்வொருவருக்கும் அவரவர் முதுகின் வடிவத்தில் அச்செடுத்து இருக்கை செய்கிறார்கள்.

இறங்கும்போது கட்டாத பொருள் எதுவும் ஆயுதம்தான். 1969-இல் அப்போலோ 12 கடலில் மோதியபோது கழன்று வந்த கேமரா ஆலன் பீனின் நெற்றியில் அடித்துத் தையல் போடும்படி ஆனது.

நீண்ட நாள் இருந்தால் உடம்பு என்ன ஆகும்?

எடையைத் தாங்கும் வேலை இல்லாததால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கும். கரைந்த கால்சியம் சிறுநீரில் போவதால் சிறுநீரகக் கல் வாய்ப்பு கூடும். தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி கட்டாயம், அது இழப்பைக் குறைக்கிறது, முழுதாக நிறுத்துவதில்லை. முதுகெலும்பு நீண்டு சில சென்டிமீட்டர் உயரம் கூடும், முதுகு வலிக்கும். உடம்பின் திரவம் தலைப்பக்கம் ஏறுவதால் கண் நரம்பின் தலைப்பகுதி வீங்கிப் பார்வை மாறலாம். கழுத்து ரத்தக் குழாயில் ரத்தம் தேங்கி ஒருவருக்கு ரத்தக் கட்டியே உருவானது, நிலையத்திலேயே ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்துச் சமாளித்தார்கள்.

வாந்தி வருமாமே?

வரும். முதல் சில நாட்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வரும், பிறகு பழகிவிடும். ஹெல்மெட்டுக்குள் வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும் என்பதால் விண்வெளி நடையை முதல் நாட்களில் வைப்பதில்லை.

கதிர்வீச்சு?

தரையில் இயற்கையாக நமக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கிடைக்கிறது. விண்வெளி நிலையத்தில் அதை ஒரு வாரத்துக்குள் வாங்கிவிடுவார்கள். அங்கேயாவது பூமியின் காந்தப்புலம் பாதி காவல் காக்கிறது. செவ்வாய்க்குப் போன நாசாவின் ஆய்வு வண்டி கியூரியாசிட்டி வழியில் அளந்தது நாளுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட். போகவும் வரவும் ஆகும் பயணத்துக்கு மட்டுமே 600-ஐத் தாண்டும், நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பே 600தான்.

திடீர்ச் சூரியப் புயல் இன்னும் மோசம். 1972 ஆகஸ்டில் ஒரு பெரும் புயல் வீசியது. நிலவுக்குப் போன அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, 17 டிசம்பரில் கிளம்பியது. இடையில் நிலவில் யாரும் இல்லாதது அதிர்ஷ்டம் மட்டுமே.

விண்வெளிக் குப்பை மோதினால்?

நிலையம் விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அந்த வேகத்தில் பெயின்ட் துணுக்கே கண்ணாடியில் குழி போடும், 1983-இல் விண்ணோடத்தின் ஜன்னலில் போட்டது. ஆனாலும் இதுவரை குப்பையால் எந்த வீரரும் காயப்பட்டதில்லை. பெரிய துண்டு வருவது தெரிந்தால் நிலையத்தை நகர்த்துவார்கள், நேரமில்லையென்றால் வீரர்கள் திரும்பும் கலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

மேலே உடம்புக்கு முடியாமல் போனால்?

நிலையத்தில் மருந்துப் பெட்டி, அல்ட்ராசவுண்ட், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி உண்டு, தரையில் மருத்துவர்கள் எப்போதும் தொடர்பில் இருப்பார்கள். மனிதருக்கு அறுவை சிகிச்சை மட்டும் இதுவரை அங்கே நடந்ததில்லை. 1985-இல் சல்யூட் 7-இன் தளபதி விளாடிமிர் வஸ்யூட்டினுக்கு உடல்நிலை மோசமாகி, பயணத்தையே பல மாதம் முன்கூட்டி முடித்துக்கொண்டு திரும்பினார்கள். நிலையத்திலிருந்து சில மணி நேரத்தில் இறங்கிவிடலாம், நிலவிலிருந்து மூன்று நாள், செவ்வாயிலிருந்து மாதக்கணக்கு. அங்கிருந்து மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வரவே 40 நிமிடம் வரை ஆகலாம்.

பணம் கட்டிப் போகும் பயணிகளுக்கு என்ன பாதுகாப்பு?

அமெரிக்காவிலிருந்து கிளம்பினால், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. விமானத்துக்கு இருப்பதுபோல பயணிகளுக்குப் பாதுகாப்பானது என்று அரசு சான்று கொடுப்பதில்லை. பயணிகளின் பாதுகாப்புக்கான விதிகளைப் போட விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு இருக்கும் தடை 2028 ஜனவரி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக, ஆபத்தைத் தெரிந்துகொண்டுதான் வருகிறேன் என்று பயணி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். 2014 அக்டோபர் 31 அன்று, பயணிகளை ஏற்றிப்போக உருவாக்கிய ஸ்பேஸ்ஷிப்டூ என்ற ராக்கெட் விமானத்தின் சோதனையில் வால் பகுதியின் பூட்டு முன்கூட்டியே விடுவிக்கப்பட்டதால் விமானமே காற்றில் உடைந்து ஒரு விமானி இறந்தார், இன்னொருவர் படுகாயத்தோடு பாராசூட்டில் இறங்கினார். இப்படிப்பட்ட பாதுகாப்பு வரலாற்றைப் பயணிக்கு எழுத்தில் கொடுப்பது நிறுவனத்தின் சட்டப்படியான கடமை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கி, அதே வகைக் கலத்துக்கு முன்பு என்ன நடந்தது, அதற்குப் பிறகு எந்தப் பாகத்தை மாற்றினார்கள் என்று கேள்வி கேளுங்கள். உங்களோடு வருபவர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.